பீரோவா, சந்தையா, கைபேசியா? கிருஷ்ணகிரியில் பழைய துணி தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

கிருஷ்ணகிரியில் விசேஷம் ஏதுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வாடாமல்லி நிறப் புடவை உடுத்திப் பேருந்து நிலையத்தில் நின்றால், தெரிந்தவர்கள் யாரேனும் "என்னம்மா, வீட்ல விசேஷமா?" என்று கேட்காமல் போகமாட்டார்கள். அந்தக் கேள்வியில் தீங்கு ஏதும் இல்லை. நல்ல நிறத்தை நல்ல நாளுக்கென்று ஒதுக்கிவைத்தே பழகிய ஊர் இது. நான் அந்த ஒதுக்கீட்டை ஏற்பதில்லை. அலுவலகத்துக்கு நான் உடுத்துவதில் பாதிக்கு மேல் பழைய துணிகள்தாம், ஏனெனில் நான் கொடுக்கக்கூடிய விலைக்கு அந்த நிறமும் அந்த நெசவும் இன்று கடைகளில் எனக்குக் கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட துணியை இந்த ஊரிலிருந்து தேடுகிறவர்களுக்கு வீட்டுப் பீரோ, நம் மாவட்டத்துப் போச்சம்பள்ளிச் சந்தை, கைபேசியில் பழைய புடவை விற்கும் பக்கங்கள் என மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றிலும் பணத்தையும் நேரத்தையும் செலவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

முதலில் பீரோ. என் அம்மாவின் பீரோவில் அடித்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் கொண்ட ஒரு பட்டுப்புடவையும், 1987ஆம் ஆண்டுத் தேதியிட்ட ரசீதும் இருந்தன. ரசீதில் முகவரி "கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டம்" என்று அச்சாகியிருந்தது; கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான் என்பதால், அந்தக் காகிதமும் புடவையைப் போலவே ஒரு பழம்பொருள்தான். பீரோவில் கிடைக்கும் துணிக்கும் மற்ற இரண்டு வழிகளில் கிடைக்கும் துணிக்கும் உள்ள முதல் வேறுபாடு இதுவே: யார் வாங்கியது, எந்தக் கல்யாணத்துக்கு, எத்தனை முறை உடுத்தியது என்று சொல்வதற்கு ஆள் இருக்கிறது. இறந்தவர் துணியோ என்னவோ என்று தயங்குகிறவர்கள் நம் வீடுகளில் அதிகம். அந்தத் தயக்கத்துக்கு இங்கே இடமே இல்லை.

தரத்திலும் பீரோவே முந்துகிறது. அசல் ஜரிகையில் பட்டு நூலின்மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். முந்தானை ஓரத்தில் நகத்தால் இலேசாகச் சுரண்டினால் உள்ளேயிருந்து சிவப்பு நூல் தெரியும். அம்மாவின் புடவையில் அது தெரிந்தது. ஆனால் பீரோவுக்கென்றே ஒரு குறை உண்டு, அதைப் பலரும் புடவையை உடுத்திய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். நான் புடவையைத் தையல்காரரிடம் கொண்டுபோனபோது அவர் அதைக் கடைக்கு வெளியே எடுத்துவந்து இரு கைகளாலும் வெயிலுக்கு நேராகப் பிடித்தார். மஞ்சள் உடலின் நடுவே, ஒரு முழ இடைவெளிக்கு ஒன்றாக, மூன்று கோடுகளில் வெளிச்சம் ஊசிமுனை அளவில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. "இதைக் கட்டினா உட்காரும்போது விட்டுடும்மா, பாவாடையா தெச்சுக்கலாம்" என்றார். சாக்குக்கட்டியால் அந்த மூன்று கோடுகளின் இருபுறமும் அடையாளமிட்டு, நல்ல பகுதியை மட்டும் எடுத்தார். அம்மாவின் புடவை மகளுக்கோ பேத்திக்கோ பட்டுப்பாவாடை ஆவது நம்மிடம் பல தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். பழைய துணியை மறுபடி உடுத்துவதை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

எனவே பீரோவைத் திறப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மடிப்பைத்தான், ஜரிகையை அல்ல. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். நாப்தலின் உருண்டை ஜரிகையில் பட்டால் ஜரிகை கறுக்கும். ஒரு துணி முடிச்சில் வசம்பு போட்டு வைப்பது போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அம்மாவின் பீரோ ஒருவருக்கு மட்டும் சொந்தமன்று. அக்காவுக்கும் அண்ணிக்கும் அதில் பங்கும் ஆசையும் உண்டு, ஆகவே கேட்காமல் எடுக்கும் ஒரு புடவை பத்து வருட மனத்தாங்கலாக மாறக்கூடும். நான் கேட்டுத்தான் எடுத்தேன். அண்ணி அந்த மாம்பழ மஞ்சளைத் தன் மகளுக்கென்று கேட்டார். பாவாடையாகத் தைக்கலாம் என்று தையல்காரர் சொன்னபோது, அது அவளுக்குத்தான் என்று முடிவானது.

பீரோவுக்கு உண்மையான போட்டி, தெருவில் வருகிறவர்கள்தாம். பழைய துணிக்குப் பிளாஸ்டிக் குடம் தருகிறவர்களும், பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காக விலைபேசி வாங்குகிறவர்களும் இன்னும் வருகிறார்கள். ஜரிகைக்காகப் போகும் புடவை எரிக்கப்பட்டு, வெள்ளி மட்டும் பிரித்தெடுக்கப்படுகிறது. என் பாட்டியின் சுங்குடிப் புடவைகள் நான்கு, ஒரு நீலநிற வாளிக்குப் போயின. அந்த வாளியும் இப்போது இல்லை. புடவைகளில் ஒன்று மயில்கழுத்து நிறம் என்பது எனக்கு நினைவிருக்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்: வீட்டில் கேட்டுப் பாருங்கள், வாளிக்குப் போவதற்கு முன்னால் கேளுங்கள்.

இரண்டாவது வழி, ஞாயிறுதோறும் கூடும் போச்சம்பள்ளிச் சந்தை. ஆடும் கோழியும் காய்கறியும் விற்கும் பெரிய சந்தை அது. அதன் ஓரத்தில் தார்ப்பாய் விரித்துக் குவித்திருக்கும் துணிகளில் எடுத்தது எதுவானாலும் ஒரே விலை. பட்டை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பருத்திச் சட்டை தேடினால், விலையில் இதை எந்த வழியும் வெல்ல முடியாது. குவியலில் இரண்டு வகை கலந்திருக்கும். கழுத்துப்பட்டியில் உள்ள பெயர்ச்சீட்டு பாதியாக வெட்டப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் ஏற்றுமதியில் கழித்த புதிய துணி; காலரின் உள்மடிப்பு வெளுத்திருந்தால், அது ஒருவர் உடுத்தியது. இரண்டாவது வகையை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொதிநீரில் ஊறவைத்து, நல்ல வெயிலில் ஒரு நாள் முழுதும் காயவைத்தால் போதும். அக்குளையும் பொத்தான் துளைகளையும் நிழலில் பார்க்காமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். 60 ரூபாய்க்கு நான் எடுத்த சிவப்பு-பச்சைக் கட்டம்போட்ட சட்டையை என் கணவர் மூன்று ஆண்டுகளாக உடுத்துகிறார், சாயம் இன்னும் விடவில்லை. குறை என்னவென்றால், நான்கு ஞாயிறு போனால் ஒரு ஞாயிறுதான் கை நிறையும். காலை எட்டு மணிக்குப் பிறகு போகிறவர்களுக்கு அதுவும் இல்லை.

மூன்றாவது, கைபேசி. தேர்ந்தெடுக்க இங்கே கிடைப்பது போல் எங்கும் கிடைக்காது. நிறத்தைச் சொல்லித் தேடலாம், கரையைச் சொல்லித் தேடலாம். (போச்சம்பள்ளி என்று தேடினால் மட்டும் நம் சந்தை வராது, தெலங்கானாவின் போச்சம்பள்ளி இக்கத் புடவைகள்தாம் வரிசைகட்டும்.) ஆனால் பழைய துணியில் தெரிந்துகொள்ள வேண்டிய எதையும் படம் காட்டுவதில்லை. "முப்பது வருடப் பழமை, அசல் பட்டு" என்று எழுதியிருந்த ஒரு கிளிப்பச்சைப் புடவையை 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்ததும் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வந்து, விரலில் பொடியாகும் சாம்பல் மிஞ்சும். இது உருகிக் கெட்டியான சிறு மணியாகத் திரண்டது. திருப்பி எடுப்பதில்லை என்பது அவர்கள் விதி. அன்றுமுதல், பகல் வெளிச்சத்தில் மடிப்பை விரித்துக் காட்டும் காணொளியை அனுப்பச் சொல்லாமல் நான் எதையும் வாங்குவதில்லை. அனுப்ப மறுக்கிறவர்களிடம் பேச்சையே வளர்ப்பதில்லை.

பெங்களூருக்கே போய் வாங்கலாமே என்பார்கள். 90 கிலோமீட்டர்தான், சிக்பேட்டையில் இல்லாத துணி இல்லை. ஆனால் பேருந்துக் கட்டணமும் ஒரு முழு நாளும் சேர்ந்தால் பழைய துணியின் விலை புதுத் துணியின் விலையைத் தொட்டுவிடுகிறது. வேறு வேலையாகப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம், இதற்காகவே போவது வீண்.

என் கணக்கில் புடவைக்குப் பீரோ, சட்டைக்குச் சந்தை. பீரோவில் தேடித் தீர்ந்து, இன்ன நிறம் இன்ன கரை வேண்டும் என்று திட்டமாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கைபேசி. எந்த வழியில் வந்த துணியானாலும் நல்ல தையல்காரர் ஒருவர் இல்லாமல் அது உடுத்தும் நிலைக்கு வராது.

மாம்பழ மஞ்சள் பாவாடையை அண்ணன் மகள் போன பொங்கலுக்கு உடுத்தினாள், பிறகு ஒரு சாதாரணப் புதன்கிழமை டியூஷனுக்கும் உடுத்திக்கொண்டு போனாள். தையல்காரர் கீழே இரண்டு டக்கு பிடித்துக் கொடுத்திருக்கிறார். வருகிற பொங்கலுக்கு ஒன்றைப் பிரிக்க வேண்டியிருக்கும்.