13.6 சிகரெட் காட்டும் மீட்டர்: ஒரு தில்லிவாசியின் அனுபவம்

போன நவம்பரில் காற்று மீட்டர் ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி, முன்னால் சின்னத் திரை, பின்னால் வரிசையாகத் துளைகள், விலை நாலாயிரத்துச் சொச்சம். கம்பெனி பெயர் போடப் போவதில்லை. இதே பெட்டியை ஐந்தாறு பெயரில் ஆன்லைனில் விற்கிறார்கள், எதை வாங்கினாலும் அநேகமாக இதுதான் வந்து சேரும்.

வாங்கியது மகளுக்காக. ஏழு வயது. தீபாவளி முடிந்து குளிர் இறங்கியதும் இளைப்பு ஆரம்பித்துவிடும், மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் பிப்ரவரி வரை அலமாரிக்குள் போகாது. ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம், மலை மந்திருக்கு நடக்கிற தூரம். அரசின் காற்று அளக்கும் நிலையம் ஒன்று ஆர்.கே.புரத்திலேயே இருக்கிறது, அதன் எண்ணைப் போனில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது தெருக்காற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாதே. 2017 டிசம்பரில் கோட்லா மைதானத்தில் இலங்கை வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு டெஸ்ட் மேட்ச் ஆடியபோது "ரொம்பத்தான் நடிக்கிறாங்க" என்று சொன்ன ஆள்தான் நான். பிள்ளை பிறந்த பிறகு புத்தி வந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சிகரெட் குடிப்பவன். நாளைக்கு ஆறு, பால்கனியில் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு.

மீட்டரில் ஒரே ஒரு பட்டன். முதல் தடவை அமுக்கினால் பிஎம் 2.5, அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் என்பது. இரண்டாம் தடவை ஏ.க்யூ.ஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு. மூன்றாம் தடவை அமுக்கினால் ஒரு சிகரெட் படம், பக்கத்தில் ஓர் எண். "இன்று நீங்கள் குடித்தது" என்கிற பாவனையில். முதல் நாள் ராத்திரி பால்கனியில் 300 மைக்ரோகிராம் காட்டியது, சிகரெட் திரையில் 13.6. அந்தப் பாயிண்ட் ஆறை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டி, "பாரு, நீயே பதிமூணரை குடிச்சிருக்க, நான் மேல ஒரு ஆறு, அவ்வளவுதான்" என்றேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, "ஏங்க, அப்ப பாப்பாவும் பதிமூணரையா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தது அப்போதுதான்.

அமெரிக்காவில் பெர்க்லி எர்த் என்ற ஆய்வுக் குழு போட்ட கணக்கு அது. அங்கே வருடத்துக்கு ஏறக்குறைய 35,000 கோடி சிகரெட் புகைக்கிறார்கள், புகையால் 4,80,000 பேர் சாகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். வகுத்தால் பத்து லட்சம் சிகரெட்டுக்கு 1.37 சாவு. சீனாவில் காற்று மாசால் வருடத்துக்கு 16 லட்சம் பேர் சாவதாக அதே குழு 2015-ல் மதிப்பிட்டிருந்தது, மக்கள் சுவாசிக்கும் சராசரி பிஎம் 2.5 அளவு 52. அத்தனை சாவுக்கு எத்தனை சிகரெட் வேண்டும் என்று திருப்பிப் போட்டு, 135 கோடிப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாளைக்கு 2.4 சிகரெட். 52-ஐ 2.4-ஆல் வகுத்தால் சுமார் 22. அதனால் நாள் முழுக்க 22 மைக்ரோகிராம் காற்றில் இருந்தால் ஒரு சிகரெட். சாவை வைத்துச் சாவை வகுத்து வந்த எண் இது. நுரையீரலுக்குள் எவ்வளவு புகை போனது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

எடையை வைத்துப் பார்த்தால் கதை தலைகீழ். ஒரு சாதாரண சிகரெட் தார் என்ற பிசுபிசுப்பான புகைத்துகளைச் சுமார் 10 மில்லிகிராம் உள்ளே இறக்குகிறது, அதாவது 10,000 மைக்ரோகிராம், ஐந்து நிமிடத்தில். ஒரு ஆள் ஒரு நாளில் இழுக்கும் காற்று தோராயமாக 15 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 300 மைக்ரோகிராம் காட்டும் படுமோசமான தில்லி நாளிலும் மூக்கு வழியாகப் போவது 4,500 மைக்ரோகிராம். அரை சிகரெட்டுக்கும் குறைவு. ஒரு கணக்கில் பதிமூன்றரை, இன்னொரு கணக்கில் அரைகூட இல்லை. மீட்டர் விற்பவன் எந்தக் கணக்கைத் திரையில் போடுவான் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, இரண்டில் எது பொய் என்றால், எதுவும் பொய்யில்லை, அதுதான் வம்பு. இதயம் ஒரு மாதிரி அடி வாங்குகிறது, நுரையீரல் இன்னொரு மாதிரி. இதய நோயைப் பொறுத்தவரை கொஞ்சம் புகையே பெரிய ஆபத்தைக் கொண்டுவந்துவிடுகிறது, அதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் அதே வேகத்தில் ஏறுவதில்லை. நாளைக்கு 20 குடிப்பவனுக்கு வரும் கூடுதல் இதய ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி, ஒன்றே ஒன்று குடிப்பவனுக்கும் வந்துவிடுகிறது என்று 2018-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. (ஆறை மூன்றாகக் குறைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதைப் படித்த அன்று சோறு இறங்கவில்லை.) நகரத்துக் காற்று இவ்வளவு குறைந்த எடையில் இவ்வளவு பேரைக் கொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நுரையீரல் புற்றுநோய் அப்படியில்லை, அது அநேகமாக அளவுக்கு ஏற்ப ஏறும். பிஎம் 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் அந்த ஆபத்து சுமார் 9 சதவீதம் கூடுகிறது. தில்லியின் வருடச் சராசரி 100-ஐ ஒட்டியே இருக்கிறது, அந்தக் கணக்கை அப்படியே நீட்டினால் ஆபத்து இரண்டு மடங்கு, அதற்குக் கொஞ்சம் மேல். சிகரெட் குடிப்பவனுக்கோ குடிக்காதவனைப் போல் 15 முதல் 30 மடங்கு. ஊரே பதிமூன்று குடிக்கிறது, என்னுடைய ஆறு என்ன பெரிய ஆறு என்ற என் வாதம் அந்த இடத்தில் படுத்துவிட்டது.

ஆயுளை வைத்தும் பார்த்தேன். சிகாகோ பல்கலைக்கழகத்தின் காற்றுத் தர ஆயுள் குறியீடு 2025 அறிக்கையில், தில்லிக்காரர்களுக்குச் சராசரியாக 8.2 வருடம் போகிறது என்று இருக்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் 5 மைக்ரோகிராம் வரம்போடு ஒப்பிட்டு. 2023 அறிக்கையில் அது 11.9. வாழ்நாள் முழுக்கப் புகைப்பவர்கள் இழப்பது சுமார் 10 வருடம், இது பிரிட்டிஷ் டாக்டர்களை ஐம்பது வருடம் தொடர்ந்து பார்த்துச் சொன்னது. அதே ஆய்வில், 40 வயதில் நிறுத்தினால் அந்தப் பத்தில் ஒன்பது திரும்பக் கிடைக்கிறது. எனக்கு 41. தில்லியை நிறுத்த முடியாது, டிரான்ஸ்பர் என் கையில் இல்லை.

இனி மீட்டருக்கு வருகிறேன். உள்ளே சின்ன லேசரும் ஒரு விசிறியும், அவ்வளவுதான். துகள்மேல் பட்டுச் சிதறும் வெளிச்சத்தை வைத்து எடையை ஊகிக்கிறது. அதனால் அதற்குப் புகைக்கும் நீர்த்துளிக்கும் வித்தியாசம் தெரியாது. இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததும் நாற்பதில் இருந்தது முந்நூறுக்குத் தாவியது, இட்லிக்கு 13 சிகரெட். டிசம்பரில் பனிமூட்டம் இறங்கிய ஒரு காலையில் நிலையத்தில் 280, என் பால்கனியில் 640. வெயில் வந்து பனி விலகியதும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. மூட்டம் இல்லாத நாளில் நிலையத்தோடு பத்துப் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கிறது, இந்த விலைக்கு அது தாராளம்.

ஏ.க்யூ.ஐ திரையில் ஒரு வேடிக்கை. பெட்டியிலிருந்து எடுக்கும்போது அமெரிக்கக் கணக்கில் இருக்கிறது, இந்தியக் கணக்குக்கு மாற்ற ஆப்பில் எங்கோ புதைத்து வைத்திருக்கிறார்கள். 50 மைக்ரோகிராமுக்கு நம் கணக்கில் "திருப்திகரம்" என்று வரும், அமெரிக்கக் கணக்கில் நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஆகாது என்று வரும். நான் இரண்டையும் விட்டுவிட்டு மைக்ரோகிராம் எண்ணை மட்டும் பார்க்கிறேன்.

மீட்டர் காசுக்கு வேலை செய்தது வீட்டுக்குள்தான். மிளகாய் தாளித்தால் அடுப்படியில் 900, சிகரெட் திரையில் 41. நாள் முழுக்க சுவாசித்தால் என்று போட்ட கணக்கை அந்த நிமிஷத்துக்கே போட்டுப் பயமுறுத்துகிறது. ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேனைத் தாளித்த பிறகு போடாமல் முன்னாலேயே போட்டால் 300-ஐத் தாண்டுவதில்லை என்பதை இது இல்லாமல் கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

பெரிய சண்டை கொசுவர்த்தியில். மாமியார் குளிர்காலத்துக்கு இங்கே வந்திருந்தார், அவருக்குச் சுருள் கொளுத்தாமல் தூக்கம் வராது. கதவைச் சாத்திய அறையில் கொளுத்தி இருபது நிமிஷத்தில் மீட்டர் 999-இல் போய் நின்றுவிட்டது, அதற்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-லேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதை அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை, அந்த மெஷினை உங்க ரூம்ல வெச்சுக்கோங்க, எனக்குக் கொசு கடிக்குது" என்றார். கொசுவலை வாங்கிக் கட்டிய பிறகுதான் சமாதானம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி மட்டும் தொடர்கிறது, அதில் நான் வாயே திறப்பதில்லை.

எனக்கு விழுந்த அடி வேறு. ஒரு ராத்திரி பால்கனியில் கடைசி இழுப்பை வெளியே ஊதிவிட்டு, கதவைத் திறந்து உள்ளே வந்து, மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தேன். மீட்டர் தலைமாட்டில். காற்றைச் சுத்தம் செய்யும் பியூரிஃபயர் ஓடிக்கொண்டிருந்த அறை, 38. நான் பேசப் பேச 60, 110, 190. புகை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சில் மிச்சம் இருந்தது வந்துகொண்டிருந்திருக்கிறது. "அப்பா, நம்பர் ஏறுது" என்றாள். மறுநாள் ஐந்து நிமிஷம் வெளியிலேயே நின்று மூச்சு வாங்கிவிட்டு வந்து பார்த்தேன், எண் அசையவில்லை, ஆனால் ஸ்வெட்டர் நாறுகிறது என்று அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூக்குக்குத் தெரிவது லேசருக்குத் தெரியவில்லை. சிகரெட்டில் வரும் வாயுக்களையும் நிகோடினையும் இந்த மீட்டர் அளப்பதே இல்லை.

குறைகள்: சார்ஜ் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது, வயரோடு வைத்தால்தான் ஆகும். இரண்டு மாதத்தில் விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது, கஸ்டமர் கேருக்கு எழுதினேன், "உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு மெயில் வந்தது, அதோடு சரி. கேமரா துடைக்கும் புளோயரால் பின்பக்கத் துளைகளில் ஊதியதும் சரியாகிவிட்டது, துணியை உள்ளே விட்டுவிடாதீர்கள்.

பியூரிஃபயர் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வாங்கலாம், ஃபில்டர் செத்துவிட்டதா என்று பார்க்கவாவது உதவும். பியூரிஃபயர் இல்லாதவர்கள் இந்த நாலாயிரத்தை அதற்குச் சேர்த்து வையுங்கள், வெளிக்காற்று எண் போனிலேயே இருக்கிறது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். சிகரெட் திரையை எடுத்துவிட்டு அப்டேட் விட்டால் நாலு தருவேன். என் மச்சினன் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "மாமா, ஊரே குடிக்குது, வாங்க ஒண்ணு போடலாம்" என்று பால்கனிக் கதவைத் திறந்தான்.