தொடக்க ஸ்கிரிப்டுகளுக்கு சிஸ்டம்டி: ஒரு மதிப்பீடு

லினக்ஸ் கணினி இயங்கத் தொடங்கும்போதே நாம் எழுதிய ஸ்கிரிப்டும் தானாக ஓட வேண்டுமென்றால், இன்று முதலில் பரிசீலிக்க வேண்டியது, கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் மென்பொருளான சிஸ்டம்டிதான். 2010இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே ஃபெடோரா 15இல் இயல்பிருப்பாக இடம்பெற்ற இது, கணினி தொடங்கும்போது ஓடும் பழைய ஆர்சி.லோக்கல் கோப்பில் ஒரு வரி சேர்க்கும் எளிமையைத் தருவதில்லை. எதை, எப்போது ஓட்ட வேண்டும் என்று சொல்லும் தனி யூனிட் கோப்பு எழுதி, அதைத் தொடக்கத்தில் ஓடும்படி எனேபிள் செய்தாக வேண்டும்.

அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு. பகிர்வுக் கோப்புறையை இணைக்கும் ஸ்கிரிப்ட், நெட்வொர்க் தயாராகும் முன்பே ஓடித் தோற்றுப்போவது வழக்கமான தொல்லை. யூனிட் கோப்பில் 'ஆஃப்டர்', 'வான்ட்ஸ்' ஆகிய இரு வரிகளிலும் நெட்வொர்க் தயாரான நிலையைக் குறிக்கும் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டைக் குறிப்பிட்டால் அது காத்திருந்து ஓடும். அப்படியும் தோற்றால், காரணத்தை, பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் பார்த்துவிடலாம். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் நிரலிலும் கணினி தொடங்கும்போது ஓட்ட '@ரீபூட்' வசதி உண்டு; அதில் இத்தகைய வரிசைக் கட்டுப்பாடு இல்லை, ஆனாலும் சில்லறை வேலைகளுக்கு அதுவே தாராளம்.

டெர்மினலில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட் இங்கே முரண்டு பிடிப்பதுதான் எரிச்சலூட்டும் குறை: பயனரின் ஷெல்லில் அமைத்த, கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறி சிஸ்டம்டிக்குத் தெரியாது என்பதால், கட்டளைகளுக்கு முழுப் பாதையையும் எழுதுவது நல்லது. ஒருமுறை ஓடி முடிந்துவிடும் ஸ்கிரிப்டுக்கு 'ஒன்ஷாட்' வகையே பொருந்தும்.