பிரிட்டனின் வாரிசுரிமை வரி: உயிரோடு கொடுப்பதா, டிரஸ்ட்டில் வைப்பதா, உயிலில் விடுவதா?

பிரிட்டனில் ஒருவர் விட்டுச்செல்லும் சொத்தில், கடன்கள் போக 3,25,000 பவுண்டைத் தாண்டும் பகுதிக்கு 40 சதவீத வாரிசுரிமை வரி விதிக்கப்படுகிறது. இந்த வரம்பு 2009 முதல் உயர்த்தப்படவில்லை. வீட்டு விலையோ ஏறிக்கொண்டே வந்திருப்பதால், செல்வந்தரல்லாத குடும்பங்களும் இன்று இந்தக் கணக்கைப் போட வேண்டியிருக்கிறது.

பலருக்கும் முதலில் தோன்றும் வழி, உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்துவிடுவது. கொடுத்தவர் அதன்பின் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தால் அந்தக் கொடைக்கு வரி இல்லை. மூன்று ஆண்டுகள் கடந்தாலே வரி குறையத் தொடங்கும் என்பது உண்மைதான் என்றாலும், அந்தச் சலுகை, 3,25,000 பவுண்டு வரம்பை மிஞ்சும் கொடைகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வீட்டைப் பிள்ளை பெயருக்கு மாற்றிவிட்டு வாடகையின்றி அங்கேயே தொடர்ந்து குடியிருந்தால், எத்தனை ஆண்டு கழிந்தாலும் அது கொடுத்தவரின் சொத்தாகவே கணக்கிடப்படும். சந்தை வாடகை கொடுத்துத் தப்பலாம். அப்போது அது பிள்ளையின் வருமானமாகி வரிக்கு உட்படும். இரண்டாவது வீட்டையோ பங்குகளையோ கொடுத்தால், விற்றதாகவே கருதி மூலதன ஆதாய வரி கேட்கப்படும். அதே சொத்து இறப்புக்குப் பின் கைமாறினால் அதுவரை சேர்ந்த ஆதாயத்துக்கு அந்த வரி கிடையாது. ஆகவே குடியிருக்கும் வீட்டை அவசரப்பட்டு எழுதிக்கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாறாக, வாழ்க்கைத் தரம் குறையாமல், வருமானத்தில் மிஞ்சுவதிலிருந்து வழக்கமாகக் கொடுத்துவரும் பணத்துக்கு உச்சவரம்பும் இல்லை, ஏழாண்டுக் காத்திருப்பும் இல்லை. வரவு செலவைக் குறித்துவைக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

டிரஸ்ட், அதாவது வாரிசுகளுக்காகச் சொத்தைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்துவைக்கும் ஏற்பாடு, வரிச் சேமிப்புக்கான மந்திரக்கோல் அல்ல. வரம்புக்கு மேல் அதில் போடும் தொகைக்குப் பொதுவாக உடனே 20 சதவீதமும், பிறகு பத்தாண்டுக்கு ஒருமுறை 6 சதவீதம் வரையும் கட்ட வேண்டும். வயது வராத பிள்ளைகளோ பணத்தைக் கையாளத் தெரியாத வாரிசோ இருக்கும் குடும்பத்துக்கு, கட்டுப்பாட்டுக்காக மட்டுமே அது தகும்.

தம்பதியருக்கு உயில் வழியே எளிது. கணவன் மனைவிக்கிடையே கைமாறுவதற்குப் பொதுவாக வரி இல்லை. முதலில் இறப்பவர் பயன்படுத்தாத வரம்பும் மற்றவரைச் சேரும். குடியிருந்த வீடு பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ போனால் ஆளுக்கு 1,75,000 பவுண்டு கூடுதல் வரம்பு உண்டு என்பதால், இருவருக்குமாக 10 லட்சம் பவுண்டு வரை வரியின்றிக் கொடுக்க முடிகிறது. மொத்தச் சொத்து 20 லட்சத்தைத் தாண்டினால் இந்தக் கூடுதல் வரம்பு தேயத் தொடங்கும்.

ஓய்வூதிய நிதியைத் தொடாமல் வாரிசுகளுக்கு விட்டுவைப்பது இதுவரை நல்ல உத்தியாக இருந்தது. 2027 ஏப்ரல் 6 முதல், செலவழிக்காமல் எஞ்சும் ஓய்வூதிய நிதியும் பெரும்பாலும் இந்த வரிக்குள் வருகிறது. எனவே அதை நம்பித் திட்டமிட்டவர்கள், இப்போதே எடுத்து வருமான வரி கட்டுவதா, விட்டுவைத்து வாரிசுரிமை வரிக்கு உட்படுத்துவதா என்று மறுபடியும் கணக்கிட்டாக வேண்டும்.