பாராதைராய்டு அறுவைக்கு முன்னும் பின்னும்: இராமநாதபுரத்தில் நாங்கள் போன லேப்

மண்டபத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு மதுரையில் பாராதைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டியிருந்த ரத்தப் பரிசோதனைகளை இராமநாதபுரத்தில் உள்ள ஒரு தனியார் லேபில் செய்துகொண்டோம். கடற்கரை ஊர்களிலிருந்து இதே சிகிச்சைக்குப் போகிறவர்கள் எப்படிப்பட்ட லேபைத் தேட வேண்டும் என்பதற்கு அந்த அனுபவம் உதவும்.

கழுத்தில் தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு சிறு பாராதைராய்டு சுரப்பிகள்தான் பி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரந்து ரத்தத்தின் கால்சியத்தை அளவில் வைத்திருக்கின்றன. கால்சியம் ஏறினால் இந்த ஹார்மோன் இறங்க வேண்டும். பெரியம்மாவுக்கோ 8.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டிய கால்சியம் 11.6 ஆகவும், ஏறக்குறைய 65-க்குள் இருக்க வேண்டிய பி.டி.எச். 178 ஆகவும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நோய் பிடிபடும் என்பதால், ஒரே வேளையில் எடுத்த ரத்தத்திலேயே இரண்டையும் பார்க்க வேண்டும் என்று லேபில் உறுதியாகச் சொன்னார்கள்.

இந்த லேபை நான் மதிப்பது ரத்தம் எடுக்கும் முறைக்காகத்தான். கையில் பட்டையை இறுக்கி வெகுநேரம் விட்டால் கால்சியம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஊசி போட்ட பெண், "அம்மா, கையை மூடி மூடித் திறக்காதீங்க, சும்மா வச்சிருங்க" என்று சொல்லி, நரம்பு கிடைத்ததும் பட்டையைத் தளர்த்திவிட்டார். கால்சியத்துக்கான குழாயை முதலில் நிரப்பிய பிறகே பி.டி.எச்.சுக்கான ஊதா மூடிக் குழாயை எடுத்தார். ஊதாக் குழாயில் இருக்கும் மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அதில் ஒரு துளி மற்றதில் கலந்தாலும் கணக்கு கெட்டுவிடும். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேட்டார். பல கருவிகளில் அது பி.டி.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடியது.

எடுத்த ரத்தம் வெப்பத்தில் கிடந்தால் அதிலுள்ள பி.டி.எச். சிதைந்துபோகும். முன்பு வேறோர் இடத்தில் எடுத்த ரத்தம் மாலைப் பேருந்து வரும்வரை மேசைமேல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அறிக்கையை நம்பாமல்தான் மதுரை மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னார். இங்கோ உடனே சுழற்றிப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்தே அனுப்புகிறார்கள்.

அளவுக்கு மீறிச் சுரக்கும் சுரப்பியை எடுத்துவிட்டால் பி.டி.எச். சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். 10 நிமிடத்தில் பாதிக்கும் கீழே வந்ததா என்று அறுவை அரங்கிலேயே பார்க்கும் வழக்கமும் உண்டு. கால்சியம் அப்படியல்ல. அது பெரும்பாலும் 2 முதல் 4 நாளுக்குள்தான் அடிமட்டத்துக்குப் போகும், அதாவது நோயாளி வீட்டுக்கு வந்துசேர்ந்த பிறகு. பெரியம்மாவுக்கு உதட்டோரமும் விரல் நுனியும் மரமரத்தன. காலையில் போடும் கால்சியம் மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்த லேப், கால்சியம் 8.1 என்பதை மதியத்துக்குள் தொலைபேசியில் சொல்லிவிட்டது. மருத்துவரும் அன்றே மாத்திரை அளவைக் கூட்டினார். அந்த ஓர் அழைப்புக்காகவே இந்த லேபைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மூடிவிடுகிறார்கள், வியாழன், வெள்ளியில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு ரத்தம் பார்த்தே ஆக வேண்டிய நாள் அதுவாக இருக்கக்கூடும். ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதமான அல்புமினை நாம் கேட்டால்தான் பார்க்கிறார்கள். அது 4-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்டித்தான் கால்சியத்தைக் கணக்கிட வேண்டும் என்பதால், கேட்காமலே சேர்க்க வேண்டிய பரிசோதனை அது. சில வாரம் கழித்துப் பார்த்தபோது கால்சியம் சரியாக இருந்தும் பி.டி.எச். சற்றுக் கூடியிருந்தது, தடித்த எழுத்தில் வந்த அந்த எண்ணைப் பார்த்து வீடே கலங்கிவிட்டது. வைட்டமின் டி குறைந்திருந்தாலும், எலும்பு கால்சியத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாலும் இப்படி ஏறலாம் என்று மருத்துவர் விளக்கினார். நோய் தீர்ந்ததா என்பதை 6 மாதம் கழித்தும் கால்சியம் அளவில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் சொல்வார்களாம்.

கருவிக்குக் கருவி பி.டி.எச். எண் மாறும் என்பதால் அந்தப் பரிசோதனைக்கும் இதே லேபுக்குத்தான் போகிறோம்; அல்புமினையும் வைட்டமின் டி-யையும் சீட்டில் இப்போதே எழுதி வாங்கிவிட்டோம்.