பழைய பேரிங்கைக் கையில் தந்தாலும் நம்பிவிடாதீர்கள்

கொழும்பில் பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் சில்லுப் பக்கம் 'ஊம்' என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியிருப்பவர்கள், கராஜுக்குப் போகுமுன் இதை வாசித்துவிட்டுப் போங்கள். நான் ரூ. 40,000 கொடுத்தேன். பேரிங் என்பது சில்லு இலகுவாகச் சுழல உதவும், உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவில் குண்டுகள் வைத்த சாமான். அந்தக் காசுக்கு நன்றாக இருந்த பேரிங்கைக் கழட்டிப் போலி ஒன்றைப் போட்டார்கள். பழுதான பேரிங்கைத் தொடவே இல்லை. அப்படியே இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கிறேன்.

என்னிடம் இருப்பது 2003 ஆம் ஆண்டு கொரொல்லா 121. அப்பா வாங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபோது வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றியது. என்னைப் போல எத்தனையோ பேருக்கு இருபது வயது தாண்டிய காரைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கராஜ்காரர்களுக்கும் அது தெரியும்.

சத்தம் முதலில் 40 கிலோமீற்றர் வேகத்தில் மெல்லத் தொடங்கியது. 60 வந்தால் தூரத்தில் மாவு மில் ஓடுவது போல இருக்கும். கியரை நியூட்ரலில் விட்டாலும் குறையவில்லை, ஆகவே எஞ்ஜின் இல்லை. டயர் கடைத் தம்பி முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றிப் போட்டுப் பார்த்தான். சத்தம் இருந்த இடத்திலேயே இருந்தது. "அக்கா, இது டயர் இல்லை, பேரிங்" என்று சொல்லிவிட்டு, காசுகூட வாங்கவில்லை.

நான் தினமும் லிப்டன் சுற்றுவட்டத்தைச் சுற்றித்தான் வேலைக்குப் போகிறேன். வட்டத்துக்குள் வலப்பக்கமாக ஸ்டியரிங்கை ஒடித்துப் போகும்போது சத்தம் இரண்டு மடங்காகும். வெளியே வந்து இடப்பக்கம் ஒடித்தால் கிட்டத்தட்ட நின்றே போகும். கார் வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சில்லுகளில் விழுகிறது. அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் பழுது இடப்பக்கம்தான். இதை நான் பின்னால்தான் படித்தேன். ஆனால் வட்டத்தில் சத்தம் மாறுவதைக் கராஜில் முதல் நாளே சொன்னேன்.

அந்தக் கராஜின் பெயரை எழுதவில்லை, முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருக்கிறது. முதல் தடவை போனபோது, "மிஸ், கிரீஸ் காய்ந்திருக்கு, கழட்டிக் கிரீஸ் போட்டால் சரி" என்று சொல்லி ரூ. 3,500 வாங்கினார்கள். இது ஏமாற்று என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். இந்தக் காரின் முன் பேரிங் இரண்டு பக்கமும் சீல் போட்டு மூடிய ஒரே கட்டை, திறந்து கிரீஸ் போட முடியாது. அதிலிருந்து ஹப்பை, அதாவது சில்லைப் பூட்டும் நடுத்துண்டை, இழுத்தாலே உள்வளையம் ஒன்று பெரும்பாலும் ஹப்போடு வந்துவிடும், திரும்பப் போட்டுப் பாவிக்க முடியாது. கிரீஸ் போடுகிற பேரிங் இன்னும் பழைய கார்களிலும் சில வேன்களிலும் இருக்கிறது, அது வேறு வகை.

சத்தம் குறையாமல் அடுத்த வாரம் திரும்பப் போனேன். பாஸ் காரை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, "இரண்டு பக்கமும் போய்விட்டது" என்றார். லிப்டன் வட்டத்தைப் பற்றி மறுபடி சொன்னேன். "மிஸ், அதையெல்லாம் வைத்துச் சொல்ல ஏலாது. ஜப்பான் ஒரிஜினல் இரண்டு போட்டுத் தாறன், பத்து வருஷத்துக்குப் பார்க்கத் தேவையில்லை." காரை விட்டுவிட்டு ஓட்டோவில் அலுவலகம் போனேன். நான் செய்த பெரிய பிழை அதுதான்.

மாலை போனபோது பின் சீட்டில் இரண்டு புது வெற்றுப் பெட்டிகள், ஒரு ஷொப்பிங் பேக்கில் துருப்பிடித்த இரண்டு பழைய பேரிங்குகள். "பாருங்க மிஸ், உங்கட சாமான்." பழைய சாமானைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், இவரோ கேட்காமலேயே தருகிறார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை முழுதாக நம்பினேன். கடை பெயர் இல்லாத ஒரு துண்டில் 'பேரிங் 2 – 32,000, கூலி 8,000' என்று எழுதித் தந்தார்.

அன்றைக்கே காலி வீதியில் அதே சத்தம். தொலைபேசியில் கேட்டால், "புதுப் பேரிங் ஓடிப் பழக வேணும், ஆயிரம் கிலோமீற்றர் போகட்டும்" என்றார். சில்லுப் பேரிங்குக்குப் பழகும் காலம் என்று ஒன்று கிடையாது. சரியாகப் போட்டால் முதல் கிலோமீற்றரிலேயே சத்தம் இருக்காது. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். அந்தப் பொய்யை நம்பி நான் இரண்டு மாதம் ஓட்டினேன், பக்கத்தில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு.

அப்புறம் ஓர் இரவு சித்தியின் மகளை ஏற்றிவரக் கட்டுநாயக்காவுக்குப் போனேன். அதிவேக வீதியில் 90 தொட்டதும் காலடியில் தகடு அதிர்ந்தது, பிரேக்கின் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பேரிங்கில் ஆட்டம் வந்தால் சில்லின் வேகத்தை அளக்கும் சென்சர் பிழையாகப் படிக்கும், அதனால்தான் விளக்கு. அதையும் தாண்டி ஓட்டினால் பேரிங் சூடேறி இறுகலாம், கடைசியில் சில்லே கழன்று போகலாம். வேகத்தைக் குறைத்து, இடது ஓரமாக, கை நடுங்க ஓட்டி வந்து சேர்ந்தேன்.

மறுநாள் அலுவலக நண்பி சொன்ன தெஹிவளை நானாவிடம் போனேன். ஒழுங்கைக்குள் சின்ன இடம், பேரிங்கை அழுத்தி ஏற்றும் ஒரு ஹைட்ரோலிக் பிரெஸ், இரண்டு பையன்கள். நானா முன்பக்கத்தை ஜாக்கில் ஏற்றி, இடது சில்லை ஒரு கையால் சுற்றிக்கொண்டு மறு கையை ஸ்பிரிங்கில் வைத்தார். "தங்கச்சி, நீங்களும் வைத்துப் பாருங்க" என்றார். வைத்தேன். அம்மியில் மணல் அரைபடுவது போல விரலுக்குள் நறநறத்தது. சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் 'டக் டக்'.

பிறகு இரண்டு சில்லுகளையும் கழட்டி, ஹப்பின் நடுவில் இருக்கும் பெரிய நட்டைக் காட்டினார். அதன் விளிம்பைப் பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருப்பார்கள், தானாகக் கழராமல் இருக்க. வலப்பக்க நட்டில் அந்த மடிப்பு புதிது, இரும்பு பளபளத்தது. இடப்பக்கத்தில் மடிப்பு முழுவதும் பழைய துரு, ஒரு கீறல்கூட இல்லை. "இந்த நட்டைத் தொடவே இல்லையே தங்கச்சி. தொடாமல் எப்படிப் பேரிங் மாத்தினாங்க?"

டிக்கியில் கிடந்த ஷொப்பிங் பேக்கை எடுத்துக் கொடுத்தேன். நானா வேர்னியர் அளவுகோலால் அந்த இரண்டு பழைய பேரிங்குகளையும் அளந்தார். ஒன்று மற்றதைவிடப் பெரிது. ஒரே காரின் வலம் இடம் முன் சில்லுகளில் இரண்டு அளவு இருக்கவே முடியாது. ஏதோ குப்பைக் குவியலிலிருந்து பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள். நான் நம்பியதே அந்தப் பையை வைத்துத்தான், அதுவே பொய்.

வலப்பக்கத்தைக் கழட்டியபோது இன்னும் கவலையாகிப் போனது. புதுப் பேரிங்கின் வெளிவளைய விளிம்பில் சுத்தியல் அடித்த தழும்புகள். பெட்டியில் ஓர் எண், பேரிங்கில் வேறோர் எண். இதைப் பிரெஸ்ஸில் வைத்து, வெளிவளையத்தில் மட்டும் சமமாக அழுத்தி ஏற்ற வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தாலோ மாறி அழுத்தினாலோ அந்த அடி உள்ளே இருக்கும் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் பாதையில் குழி விழும். அசலாக இருந்தாலும் அது சில வாரங்களில் கத்தத் தொடங்கும்.

"வெள்ளத்துக்குள்ள ஓட்டினீங்களா?" என்று நானா கேட்டார். ஓட்டியிருக்கிறேன், மழை பெய்தால் எங்கள் ஒழுங்கை முழங்காலளவு. ஓடிச் சூடான பேரிங் தண்ணீரில் அமிழ்ந்து சட்டென்று குளிரும்போது, சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்குமாம். சர்வீஸ் போடும்போது சில்லு நடுவில் பிரஷர் கன்னைக் கிட்டப் பிடித்து அடிப்பதும் கூடாது என்றார்.

சாமானை அவர் வாங்கவில்லை. செசி இலக்கத்தை எழுதித் தந்து, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு என்னையே அனுப்பினார். ஜப்பான் பேரிங் பெயர்களான கோயோ, என்டிஎன், என்எஸ்கே எது என்றாலும் பரவாயில்லை, ஆனால் பெட்டியைக் கடையிலேயே திறந்து, எண்கள் பொருந்துகின்றனவா, எழுத்துகள் நேராகத் தெளிவாகப் பதிந்திருக்கின்றனவா என்று பார்த்து, கடை முத்திரையோடு பில் எடுத்து வரச் சொன்னார். பெரிய பேரிங் கம்பனிகள் சிலவற்றுக்குப் பெட்டியில் உள்ள குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்து பார்க்கும் இலவசச் செயலிகளும் இருக்கின்றன. முதல் கடையில் பெட்டியைத் திறக்கவே விடவில்லை, வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது கடைக்காரர் தானே திறந்து காட்டினார். திரும்பி வந்து, பிரெஸ்ஸில் இரண்டும் ஏறும்வரை பக்கத்தில் ஸ்டூலில் இருந்து பார்த்தேன்.

நீங்களும் அப்படி இருங்கள். பழைய சாமானைக் கையில் வாங்கினால் போதாது, அது உங்கள் காரிலிருந்து வெளியே வருவதைக் கண்ணால் பாருங்கள். நிற்க நேரம் இல்லையென்றால் வேலையை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். காரை விடுமுன் நடு நட்டை நான்கு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். எந்தப் பக்கம் பழுது என்று ஜாக்கில் ஏற்றிக் காட்டாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பிரெஸ் எங்கே என்று கேளுங்கள். இல்லாத கராஜ்கள் வெளியே கொண்டுபோய் அழுத்தி வருவதுண்டு, அது பிழையில்லை. சுத்தியல் போதும் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய கராஜுக்குப் போய்க் கேட்டபோது, "எங்கட பில் என்று இதில் எங்க இருக்கு?" என்று அந்தத் துண்டைத் திருப்பித் தந்தார் முதலாளி. நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன், பிறகு எழுத்திலும் முறைப்பாடு கொடுத்தேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், நான் கொடுத்தது பத்தாவது வாரம். பெயரில்லாத துண்டு என் பக்கத்தின் பலவீனம்தான். ஆனால் பாஸின் வாட்ஸ்அப் குரல் பதிவில் 'இரண்டு பக்கமும் ஒரிஜினல்' என்ற வார்த்தை இருக்கிறது, நட்டுகளின் படங்கள் இருக்கின்றன, நானாவும் வந்து சொல்லத் தயார் என்கிறார்.

இப்போது லிப்டன் வட்டத்தில் கார் சத்தமில்லாமல் திரும்புகிறது. அந்த ஷொப்பிங் பேக் இன்னும் டிக்கியில்தான், விசாரணைக்குக் கூப்பிடும் நாளுக்காக.