கருணை பற்றிய ஓர் ஒலித்தொடர்: மதிப்புரை

வாழ்விலும் சமயத்திலும் கதைகளிலும் கருணை எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பேசும் கட்டண ஒலித்தொடர் ஒன்றை வாங்கி முழுவதும் கேட்டேன். மன்னிப்புப் பெற்றவரின் நிம்மதியைப் பற்றியே பலரும் பேசும்போது, இத்தொடர் பிறருக்குக் கிடைத்த கருணையைப் பொறுத்துக்கொள்ள இயலாதவரின் மனத்தை ஆராய்கிறது. இதை வாங்கலாம் என்று நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதுவே.

நினிவே நகருக்கு அழிவு வரும் என்று எச்சரிக்கக் கடவுள் அனுப்பிய, விவிலியத்தின் யோனா நூலில் வரும் இறைவாக்கினர் யோனாவைப் பற்றிய பேச்சு மிகச் சிறப்பானது. நினிவே மக்கள் மனம் திருந்தியதும் கடவுள் அந்நகரை அழிக்காமல் விட்டுவிட, அதற்காக மகிழ வேண்டிய யோனாவோ கடுங்கோபம் கொள்கிறார். நிழல் தந்த செடியைப் புழு அரித்து அது பட்டுப்போனதற்கு வருந்தும் அவரிடம், இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகருக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். நான்கே அதிகாரங்கள் கொண்ட அந்நூல் அக்கேள்வியோடு முடிகிறது. யோனா என்ன விடை சொன்னார் என்பது சொல்லப்படாததால், விடை சொல்லும் பொறுப்பு கேட்பவர்மீது விழுகிறது என்று பேச்சாளர் விளக்கும் இடத்தை நான் மீண்டும் ஓடவிட்டுக் கேட்டேன். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனைத் தந்தை விருந்து வைத்து ஏற்றுக்கொள்வதாக இயேசு சொன்ன ஊதாரி மைந்தன் உவமையிலும், அது பொறுக்காமல் வீட்டுக்குள் வர மறுத்த மூத்த மகன் பிறகு உள்ளே சென்றானா என்பது சொல்லப்படவில்லை; இரண்டையும் இணைத்துக் காட்டியது நல்ல நுட்பம்.

குர்ஆனின் 114 அத்தியாயங்களுள் ஒன்பதாவது நீங்கலாக மற்றவை அனைத்தும் இறைவனின் அருளைச் சொல்லித் தொடங்குவதைக் குறிப்பிடுவதோடு இஸ்லாம் பற்றிய பகுதி முடிந்துவிடுகிறது. அது போதாது.

பலரைக் கொன்று பின்னர் புத்தரால் மனம் மாறிய கொள்ளையன் அங்குலிமாலனைப் பற்றிய பகுதியில் உள்ள குறையோ இன்னும் பெரிது. அவன் துறவியானதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அதன்பின் பிச்சைக்குச் சென்றவன் கல்லடி பட்டு, பிச்சைப் பாத்திரம் உடைந்து, இரத்தம் ஒழுகத் திரும்பியதும், செய்த வினையின் பயனைப் பொறுத்துக்கொள் என்று புத்தர் சொன்னதும் விடுபட்டுள்ளன. உறவினரைப் பறிகொடுத்தவர்களின் துயரத்துக்கு இடமளிக்காத கருணைப் பேச்சு அரைகுறையானது என்பது என் உறுதியான எண்ணம். பொறுத்தலைத் தலையாய பண்பாகக் கூறும் 579ஆம் குறளை எடுத்தாளும் தொடர், கொலையிற் கொடியாரைத் தண்டிப்பதைக் களையெடுப்புக்கு ஒப்பிடும் 550ஆம் குறளையும், கடமை கெடாமல் இரக்கம் காட்ட வேண்டும் என்னும் 578ஆம் குறளையும் தொடவே இல்லை.

ஒலிப்பதிவு தெளிவாக உள்ளது. சமயக் கதைகளை ஓரளவு அறிந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். தமக்கு இழைக்கப்பட்ட கொடுமையிலிருந்து இன்னும் மீளாதவர்களுக்கு இப்போதுள்ள வடிவில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.