அலெக்சாந்திரியா ஆயர்கள் வகுப்பு: நாலு சனிக்கிழமையும் போய்ட்டு வந்து எழுதுறேன்

எகிப்துல இருக்குற அலெக்சாந்திரியாவோட ஆதி ஆயர்களை (பிஷப்புங்களை) பத்தி தமிழ்லயே வகுப்புன்னு வாட்ஸாப்ல பாத்ததும் உடனே பேர் குடுத்துட்டேன். கோயில் ஹால்ல, சாயந்தரம் 5லேர்ந்து 7 வரைக்கும், நாலு வாரத்துக்கும் சேத்து 40 வெள்ளி, கோப்பியும் கரிபாப்பும் அதுக்குள்ளயே. நான் சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்துல 14 வருசமா லேஷிங் (கப்பல்ல கன்டெய்னர இறுக்கிக் கட்டுற) வேலை பாக்குறேன், ஒரு துறைமுகப் பட்டணத்துல ஆயரா இருந்தவங்க எப்படிப்பட்ட ஆளுங்கன்னு தெரிஞ்சுக்க ரொம்ப நாளா ஆசை, புனிதர் படத்துல பாக்குற மாதிரி இல்லாம.

மொத வாரம் சார் (ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியார்) வந்தவுடனே பையிலேர்ந்து ஒரு குத்தூசிய எடுத்து கைக்குக் கை குடுத்து விட்டார், பழைய செருப்புத் தொழிலாளி ஒருத்தரோடதாம், மரக்கைப்பிடி வேர்வைல கறுத்து வழவழன்னு இருந்துச்சு. ஏன்னா நற்செய்தி எழுதுன மாற்கு அந்த ஊருக்குள்ள கால் வச்சதும் செருப்பு வார் அறுந்து போய் அனியானுஸ்ங்கற செருப்புத் தைக்கிறவர்கிட்ட குடுத்தாராம், ஊசி அவர் கையில ஏறி "கடவுளே ஒருத்தரே"ன்னு கத்த, மாற்கு அந்தக் காயத்த ஆத்தினாராம். மாற்குக்கு அப்புறம் அந்த அனியானுஸ்தான் ஆயர். செருப்புக் கதை மரபா வர்றது, ஆனா அனியானுஸ் பேர் 4ஆம் நூற்றாண்டுல யூசேபியுஸ்ங்கற திருச்சபை வரலாற்று ஆசிரியர் எழுதுன ஆயர் வரிசைல இருக்குன்னு சார் ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு சொன்னார், அது எனக்கு ரொம்ப பிடிச்சது.

அதே வாரம் நம்ம பக்கத்துக் கதையும் வந்துச்சு. அலெக்சாந்திரியால பாடசாலை நடத்துன பந்தேனுஸ் இந்தியாவுக்குப் போனார்னு யூசேபியுஸ் எழுதிருக்கார். போற வழி இருந்துச்சா? இருந்துச்சு, 2ஆம் நூற்றாண்டு பப்பைரஸ் (நாணல் தாள்) ஒண்ணு இப்ப வியன்னால இருக்கு, கேரளக் கரைல இருந்த முசிறிலேர்ந்து ஹெர்மபொல்லோன்ங்கற கப்பல்ல வந்த சரக்குக் கணக்கும், அந்த வியாபாரத்துக்கு வாங்குன கடனும் அதுல இருக்கு. சரக்கு செங்கடல்ல இறங்கி, ஒட்டகத்துல பாலைவனம் தாண்டி, நைல்ல படகேறி அலெக்சாந்திரியாவுக்குப் போகணும். சார் அத போர்டுல வரைஞ்சப்போ நான் மேனிஃபெஸ்ட் (கப்பல் சரக்குப் பட்டியல்) படிக்கிற மாதிரியே படிச்சேன், மிளகு போன வழிலதான் வேதமும் வந்திருக்கும்னு எனக்குத் தோணுச்சு.

ரெண்டாவது வாரம்தான் உசத்தி. தியோனீசியுஸ், 248லேர்ந்து ஆயர், ஒரு பக்கம் பேரரசன் தேசியுஸ் கிறிஸ்தவங்கள துன்புறுத்துனது, அப்புறம் ஊரெல்லாம் கொள்ளைநோய். அவர் எழுதுன கடிதத்த சார் தமிழ்ல மெதுவா சொன்னார், நோயாளிங்கள உயிர் இருக்கும்போதே ரோட்டுல போட்டவங்களும் இருந்தாங்க, தொட்டுப் பாத்துக்கிட்டு கூடவே செத்துப் போனவங்களும் இருந்தாங்கன்னு. பக்கத்துல உக்காந்திருந்த அக்கா ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ், கோவிட் நேரம் முழுக்க வார்டுலயே இருந்தவங்க, பேசாம தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க, கொஞ்ச நேரம் ஹால்ல யாரும் கரிபாப்பக்கூட தொடல.

மூணாவது வாரம் அத்தனாசியுஸ். 45 வருசம் ஆயர், அதுல கிட்டத்தட்ட 17 வருசம் நாடு கடத்தல்லயும் ஒளிஞ்சும், மொத்தம் 5 தடவை. இயேசு பிதாவுக்குச் சமமில்லன்னு சொன்ன ஆரியுஸோட சண்டை, 325ல நிசேயா சங்கம் (ஆயர்கள் கூட்டம்) எல்லாம் சொன்னாங்க, அது தெரிஞ்சதுதான். எனக்குப் புதுசு 335ல வந்த குற்றச்சாட்டு, அலெக்சாந்திரியாலேர்ந்து கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போற கோதுமைக் கப்பல நிறுத்திருவேன்னு அவர் மிரட்டினார்னு. பேரரசன் கான்ஸ்டன்டைன் அவர இப்ப ஜெர்மனில இருக்குற ட்ரியருக்கே அனுப்பிட்டார். எங்க வேலைல ஒரு கப்பல் அரை நாள் லேட்டானாலே எத்தன போன் வரும், தலைநகரமே அந்தக் கோதுமைலதான் சாப்பிடுது, அப்படி ஒரு மிரட்டல் பொய்யா இருந்தாலும் ராஜா சும்மா விடுவானா. ஆயர் பதவிக்கு அந்த ஊர்ல எவ்ளோ பலம் இருந்திருக்குன்னு இந்த ஒண்ணுலயே புரிஞ்சிரும். 367ல ஈஸ்டர் தேதி சொல்ல எழுதுன கடிதத்துலதான் புதிய ஏற்பாட்டோட 27 புத்தகத்தையும் வரிசையா குடுத்தார், அதையும் முழுசா படிச்சுக் காட்டினாங்க.

குறை நாலாவது வாரத்துலதான். சிரில், 412லேர்ந்து 444 வரை, 431 எபேசு சங்கம் நல்லா விளக்கமா போச்சு. ஆனா 415ல கணிதமும் தத்துவமும் சொல்லிக் குடுத்த ஹைப்பாஷியாங்கற அம்மாவ ஒரு கும்பல் இழுத்துட்டுப் போய் கொன்னதுக்குப் பத்து நிமிசம்கூட ஒதுக்கல. அந்தக் கொலையால சிரிலுக்கும் அலெக்சாந்திரியா திருச்சபைக்கும் கெட்ட பேர்னு எழுதுனதே சொக்ரதேஸ்ங்கற கிறிஸ்தவ வரலாற்று ஆசிரியர்தான், அவரே மறைக்கல, நாம ஏன் ஓரமா தள்ளணும்? தியோனீசியுஸ் நோயாளிங்களப் பத்தி எழுதுன அதே ஊர் இது, ரெண்டையும் ஒண்ணா உக்காந்து கேக்கணும்னுதான் நான் வந்தேன். நோட்ஸ் வேற ரெண்டாவது தடவ ஃபோட்டோஸ்டாட் எடுத்த மாதிரி மங்கலா இருந்துச்சு, ஒரு தாள்ல அத்தனாசியுஸ், அடுத்த தாள்ல அதனேசியஸ், புதுசா வர்றவங்க ரெண்டு பேர்னு நெனைச்சிருவாங்க. ஏர்கான் குளிர், ஜாக்கெட் எடுத்துட்டுப் போங்க.

5க்கு 4 குடுக்குறேன். முடிஞ்சதும் ஹைப்பாஷியா கேள்விய ஒரு தாள்ல எழுதி சார் கையில குடுத்தேன், நின்னு முழுசா படிச்சுட்டு, "தம்பி, அடுத்த தடவ அதுக்குத் தனியா ஒரு வாரம் வச்சிருவோம்"னார். அஞ்சு வாரம்னா 50 வெள்ளி ஆகுமாம். ஷிஃப்ட் மாத்தி வாங்கிட்டேன், பேரும் குடுத்தாச்சு.